ஆயில்யத்தன்று அது வராது

பத்து நாற்பதுக்குக் கனம் வரும். டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கூடத்தில் பாய் விரித்து உட்காரவும் அது வந்து சேரவும் சரியாக இருக்கும். எட்டு வருஷமாக இப்படித்தான். ஊரையே உட்கார வைக்க வந்த ஒரு தீய சக்தி இவ்வளவு ஒழுங்காக மணி பார்க்குமா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தினம் அடி வாங்குகிறவன் அடிக்கிறவனுடைய கைக்கடிகாரத்தையா பார்த்துக்கொண்டிருப்பான்?

பவதாரணி முதல் பாயில் உட்கார்ந்தாள். அவள்தான் தலைப்பிடி. பின்னால் இருபத்தொரு பேர். எல்லோரும் பதிமூன்றுக்கு மேல், பதினெட்டுக்குக் கீழ். கனம் வருவது அந்த வயசுக்குத்தான் தெரியும். சின்னப் பிள்ளைக்குப் புரியாது. பெரியவர்களுக்கு அது மேலே விழுந்த பிறகுதான் தெரியும், அப்புறம் எழுந்திருக்க முடியாது. நடுவில் ஐந்து வருஷம் மண்டைக்குள் ஒரு கதவு திறந்திருக்கும், அதுவும் பத்தாயிரத்தில் ஒரு பிள்ளைக்கு என்று இயக்குநர் ஞானசேகரன் சொல்வார். அப்படிப்பட்ட பிள்ளைகளைச் சலித்தெடுத்து, நாமக்கல்லுக்கு வெளியே கோழிப்பண்ணைகளுக்கு நடுவில் மூடிக்கிடந்த ஒரு விடுதிப் பள்ளியில் வைத்திருந்தார்கள்.

வேலை சொல்வதற்குச் சுலபம். வருகிற கனத்தை மனசால் பிடிக்க வேண்டும். மதியம் வரை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கி அமர்த்த வேண்டும். மூன்று மணிக்குத் தலைப்பிடியிடம் சேர்த்து, வந்த திக்கிலேயே தள்ளிவிட வேண்டும். தள்ளிய பிறகு ரொட்டியும் முட்டையும் கொடுப்பார்கள். பிள்ளைகள் பேசாமல் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வார்கள்.

பிடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை முதல் வருஷமே ஊர் பார்த்தது. பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு செவ்வாய்க்கிழமை நாற்பத்து மூன்று பேர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள். காயம் கிடையாது, ரத்தம் கிடையாது. பஸ் வந்தது, போனது. ஏறுவதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. சாப்பிடுவதிலும் என்ன இருக்கிறது என்று தோன்றியது. அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

"வந்தாச்சு" என்றாள் பவதாரணி.

கண்ணை மூடினாள். கனத்தைப் பிடிக்க ஆளுக்கொரு பிடி உண்டு, நினைவில் கெட்டியாக நிற்கிற ஏதாவது ஒன்று. பதிமூன்று வயசு மித்ராவுக்குப் பதினேழாம் வாய்ப்பாடு. பவதாரணிக்கு அப்பாவின் லாரி. கிளம்புவதற்கு முன் அப்பா இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டு வருவார். டொக், டொக். காற்று குறைந்த டயர் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அப்படித்தான் அவள் கனத்தைச் சுற்றித் தட்டிப் பார்ப்பாள். எங்கே இறுகியிருக்கிறது, எங்கே தொய்வு என்று தெரிந்துவிடும். பிறகு தொய்ந்த பக்கமாகக் கை கொடுத்துத் தூக்குவாள்.

இன்றைக்கும் அதே இடத்தில் அது கீறியது. உள்ளங்கையில் நெருப்பு உரசினது போல ஒரு இழுப்பு. பிள்ளைகள் அதற்கு 'நகம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கனத்துக்கு நகம் உண்டு, அதுதான் நம்மைப் பிறாண்டுகிறது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். எட்டு வருஷத்துப் பிள்ளைகளும் அதை நம்பினார்கள்.

அவளுக்கு அலுத்துவிட்டது. பயமெல்லாம் இரண்டாம் வருஷத்தோடு போய்விட்டது. இப்போது இருப்பது அலுப்பு மட்டும்தான், மூன்று நாள் விடாமல் வண்டி ஓட்டிவிட்டு வரும் அப்பாவின் முகத்தில் இருக்குமே, அது. வருகிற ஆகஸ்ட் பதினொன்றோடு பதினெட்டு. கதவு மூடிவிடும், வீட்டுக்குப் போகலாம். ஆனால் சம்யுக்தாவை விட்டுவிட்டு எப்படிப் போவது?

சம்யுக்தா பக்கத்துக் கட்டிடத்தில், ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். போன ஆடிப் பதினெட்டிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்குக் கொல்லிமலையில் ஓரி விழா, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. விடுதிக்கும் அந்த லீவைக் கொடுத்தது போன வருஷம்தான் முதல்முறை. லீவு நாளில் கனம் வராது என்பது அனுபவம். தீபாவளிக்கு வராது, பொங்கலுக்கு வராது, சனி ஞாயிறு வராது. அதனால் நாலு பேரை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நாலில் ஒருத்தியாக இருந்திருக்க வேண்டியவள் பவதாரணி. அப்பா அஸ்ஸாமிலிருந்து திரும்பியிருந்தார். "நீ போயிட்டு வாடி, நான் பாத்துக்கறேன்" என்று சம்யுக்தா முறை மாற்றிக்கொண்டாள். அன்றைக்குப் பார்த்துப் பத்து நாற்பதுக்கு முழுக் கனமும் வந்தது. முன்னால் நின்று வாங்கியவள் சம்யுக்தா.

பதிவேட்டில் இயக்குநர் 'எதிரி நமது விழிப்பின்மையைப் பயன்படுத்திக்கொண்டது' என்று எழுதினார்.

இந்தப் பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அதே இயக்குநர் இருபத்திரண்டு பேரையும் கூட்டி வைத்துக்கொண்டு பேசினார். ஒல்லியான மனிதர். எட்டு வருஷத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. கூச்சத்தோடு ஆரம்பித்தார்.

"நான் ஒரு விஞ்ஞானி. இதைச் சொல்ல எனக்கே வெட்கமாத்தான் இருக்கு. கனம் வேலை நாளில் வராம இருக்கிறது வருஷத்துல ஒரே ஒரு நாள். பங்குனி மாசத்துல. தேதி வருஷா வருஷம் மாறுது. கம்ப்யூட்டர்ல எத்தனையோ விதமாப் போட்டுப் பாத்தோம், பிடிபடல. கடைசியில ஒருத்தர் பஞ்சாங்கத்தை எடுத்துப் பாத்தார். ஏழு வருஷமும் ஆயில்ய நட்சத்திரம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இயக்குநர் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஏன்னு தெரியாது. அன்னிக்கு அது தூங்குதுன்னு வெச்சுக்குவோம். தினமும் இங்க வர்றது அதோட கை. உடம்பு எங்கேயோ இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை ஆயில்யம். வியாழக்கிழமை வர்றதை மூணு மணிக்குத் தள்ளப் போறதில்லை. முறை போட்டு ராத்திரி பூரா வெச்சிருக்கோம். வெள்ளிக்கிழமை பத்து நாப்பதுக்கு, அது தூங்கும்போது, இருபத்திரண்டு பேரோட பலத்தையும் சேத்துப் பவதாரணி தள்ளுவா. அதோட முடிஞ்சது. மேலிடத்துல ஒப்புதல் வந்தாச்சு."

"முடிஞ்சா, உக்காந்தவங்க எல்லாம் எந்திரிப்பாங்களா சார்?" என்று கேட்டாள் பவதாரணி.

இயக்குநர் அவளைப் பார்த்தார். அவள் யாரைக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியும். "எந்திரிக்க வாய்ப்பு இருக்கு" என்றார்.

அது போதும் அவளுக்கு. அன்று சாயங்காலம் சம்யுக்தாவின் தலையைச் சீவிப் பின்னிவிடும்போது, "வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுத்துக்கடி" என்று காதில் சொன்னாள்.

இந்தக் கதை இங்கேயே நேராகப் போயிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சமையல்காரர் கலியபெருமாள் லீவு கேட்டதில்தான் கெட்டது.

புதன்கிழமை டீ நேரத்தில் பவதாரணி டம்ளர் கழுவப் போனபோது, அவர் அடுப்படியில் தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருந்தார். திருவாரூர்க்காரர். எட்டு வருஷமாகச் சாம்பாரில் தஞ்சாவூர் ஜில்லா இனிப்பைப் போட்டு, கொங்குப் பிள்ளைகளின் நாக்கைப் பழக்கியிருந்தார்.

"என்னங்ணா ஆச்சு?"

"என்னத்த ஆவுறது. வெள்ளிக்கெழம பெரிய வேல இருக்காம், லீவு கெடயாதுங்குறாங்க. வருசத்துக்கு ஒரே ஒரு தரம் கேக்குறேன். எங்க ஊர்த் தேரு பாப்பா. வடத்தத் தொடாம ஒரு வருசம் இருந்ததில்ல நான். ஊருல ஆபீசு, பள்ளிக்கூடம் எல்லாத்துக்கும் லோக்கல் லீவு வுட்டாச்சு, எனக்கு மட்டும் இல்லயாம்."

"எப்பவும் வெள்ளிக்கெழமதான் தேருங்களா?"

"கெழமை எல்லாம் கணக்கு இல்ல. பங்குனி ஆயில்யம். என்னிக்கு ஆயில்யம் வருதோ அன்னிக்குத் தேரு."

பவதாரணியின் கையிலிருந்த டம்ளர் தொட்டியில் விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

"வடத்த எப்புடிங்ணா இழுப்பீங்க?"

"எப்புடின்னா? தேங்கா நாரு வடம், தொட தண்டி இருக்கும். ஆயிரம் பேரு பிடிச்சிருப்போம். ஆரூரா தியாகேசான்னு கத்திக்கிட்டே இழுக்கும்போது, மொதல்ல நவுராது. அப்புறம் திடுக்குன்னு ஒரு இழுப்பு இழுக்கும் பாரு, உள்ளங்கை தோலே உரிஞ்சு போவும். சின்னப் புள்ளையில ஒரு வாரம் சோத்தப் பிசைய முடியாது." சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அவள் தன்னுடையதைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஐந்து வருஷமாக எரிகிற இடம் அதேதான்.

அன்று பத்து நாற்பதுக்குக் கனம் வந்தபோது அவள் உடனே தூக்கவில்லை. பொறுமையாகத் தட்டிக்கொண்டே சுற்றி வந்து, நகம் இருக்கும் இடத்தில் நின்று, பிறாண்டக் கொடுத்தாள். இழுத்தது. பயப்படாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். நார். முறுக்கு. பக்கத்தில் வேர்வை நெடியோடு ஒரு அப்பாவின் முழங்கை. கால்களுக்கு நடுவில் நசுங்காமல் நின்றுகொண்டு வடத்தைப் பிடித்திருக்கிற ஒரு பத்து வயசுப் பிள்ளையின் சந்தோஷம். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளை கனத்தைத் தள்ளியிருந்தது. நகம் இல்லை, பிடி. இன்னொரு தலைப்பிடியின் பிடி.

மூன்று மணிக்குத் தள்ளிவிட்டு நேராக அலுவலக அறைக்குப் போனாள். பதிவேடுகள் அலமாரியில் திறந்துதான் கிடந்தன, பூட்டி வைக்கிற அளவுக்கு அவற்றை யாரும் மதிக்கவில்லை. சனிக்கிழமை கனம் வராது என்பார்கள். ஆனால் ஏழு வருஷத்தில் ஏழு சனிக்கிழமை வந்திருந்தது. ஏழும் பங்குனி ஆயில்யத்துக்கு அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள். உள்ளூர் விடுமுறை விட்டால் அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள் என்று கலெக்டர் அறிவிப்பிலேயே போட்டிருக்கும். ஈடு செய்கிற பிசாசை அவள் கேள்விப்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் இலாகாவில் ஒரு விளக்கம் இருந்தது. அன்று தாய்மார்கள் தூக்குப்போசியோடு பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள், தாய்ப்பாசத்துக்கு முன் கனம் நெருங்குவதில்லை. அறுபது பக்க அறிக்கை. அந்தப் பக்கம் தள்ளுகிற பிள்ளைகளைப் பார்க்கவும் ஞாயிற்றுக்கிழமை அம்மா வருவாள் என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை.

இயக்குநர் உள்ளே வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"திருவாரூர்ல நம்மளாட்ட ஒரு எடம் இருக்குதுங்களா சார்?"

அவர் கதவைச் சாத்தினார். "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்ப ஆரம்பிச்சதுங்க?"

"நமக்கு அடுத்த வருஷம்" என்றார். "இங்க நாம விரட்ட ஆரம்பிச்ச ஆறாவது மாசம், அங்க ஒரு கல்யாண மண்டபத்துல அறுபது பேர் உக்காந்துட்டாங்க. உடனே அங்கேயும் ஒரு நிலையம் போட்டாங்க. ஒண்ணைப் பத்தி இன்னொண்ணு பேசக் கூடாதுன்னு உத்தரவு. எதிரிக்குத் தெரிஞ்சுடுமாம்." பேசிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அவள் மடியில் ஏழு பதிவேடுகள் ஏழு சனிக்கிழமையில் திறந்திருந்தன. அவர் கணக்கில் கெட்டிக்காரர். அவள் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தார். "அதுக்கு உடம்புன்னு ஒண்ணு இல்லையா?" என்றார்.

"இல்லீங்க சார். நம்ம ஊரு கவலை கொஞ்சம், அவிங்க ஊரு கவலை கொஞ்சம். மொதல்ல சின்னதாத்தான் இருந்திருக்கும். தள்றப்ப நாம நம்ம பயத்தையும் சேத்துத் தள்றோம். அவிங்களும் நாம மூணு மணிக்குத் தள்றத ராத்திரி வெச்சிருந்து, காலைல பத்து நாப்பதுக்கு அதயேதான் பண்றாங்க. பந்தாட்டம் போடுறோம் சார். எட்டு வருசமா."

"தள்ளாம இருந்தா ஊர் உக்காந்துடும் பவதாரணி."

"தெரியுங்க. வெள்ளிக்கெழம மட்டும் வேண்டாங்க. வியாழக்கெழம நாம தள்ளாம வெச்சிருந்தா அவிங்க கையில ஒண்ணும் இருக்காது, அன்னிக்கு அங்க கூடத்துல ஆளும் இருக்காது. தேர் பாக்கப் போயிருப்பாங்க. ஊரே தெருவுல நிக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மறுபடி துடைத்தார். "உத்தரவு என்னோடது இல்ல. நான் மேல பேசிப் பாக்கறேன். கேக்க மாட்டாங்க. பஞ்சாங்கம் பாத்து ஆயில்யத்தைக் கண்டுபிடிச்சவருக்கு விருது பேசிக்கிட்டிருக்காங்க" என்றார்.

அவள் எழுந்து சம்யுக்தாவிடம் போனாள். உண்மையைச் சொன்னால், திருவாரூர்ப் பிள்ளைகள் மேல் அவளுக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவளை இப்படி உட்கார வைத்தது எந்தப் பிசாசும் அல்ல. திருவாரூரில் ரொட்டியும் முட்டையும் தின்கிற யாரோ ஒருத்தி. நமக்கு லீவு என்று தெரியாமல், அவளுக்கு அது வேலை நாள் என்பதால், பத்து நாற்பதுக்கு டம்ளரைக் கழுவிவிட்டு வந்து தள்ளியிருக்கிறாள். தெரியாமல் செய்தாள், சரி. தெரியாமல் செய்ததில் சம்யு எழுந்துவிடுவாளா? வெள்ளிக்கிழமை பதிலுக்குப் பதில் ஆகிவிடும். யாரும் தன்னைக் குற்றம் சொல்லப் போவதுமில்லை. ஒருவேளை தான் நினைப்பது தப்பாகி, இயக்குநர் சொன்னபடி சம்யு எழுந்தாலும் எழுந்துவிடலாம்.

இந்தக் கடைசி நினைப்பை விடத்தான் அவளுக்கு ரொம்ப நேரமானது. விட்டபோது அழுகை வந்தது. சம்யுக்தாவின் மடியில் தலை வைத்து அழுதாள். சம்யுக்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேலிடத்திலிருந்து மூன்று பேர் கூடத்தின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பாயாகக் கனம் முன்னால் வந்தது. "வந்தாச்சு" என்றது ஒவ்வொரு குரலும். வருகிற வழியில் ஒவ்வொருவரும் தன் பலத்தை, தன் பயத்தை, தான் தூங்காத ராத்திரிகளைச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். அவளுக்கு நேர் பின்னால் மித்ரா. "பதினேழு எட்டு நூத்தி முப்பத்தாறு" என்று முணுமுணுத்தபடி கைமாற்றினாள். "வந்தாச்சு" என்றாள் பவதாரணி. மணி பத்து நாற்பது.

தட்டிப் பார்த்தாள். எங்கேயும் தொய்வில்லை. இப்படி இறுகிய கனத்தை அவள் பார்த்ததே இல்லை. அந்தப் பக்கம் ஒரு சின்னத் தள்ளல் போதும். அங்கே ஆயிரம் பேர் வடத்தைப் பிடித்திருப்பார்கள். திடுக்கென்று இழுக்கும் அந்த நிமிஷத்தில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டால், தேர் அவர்கள் மேல் உருண்டுகொண்டே போகும்.

அவள் தள்ளவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

சுவரில் தள்ளலை அளக்கிற கருவியின் முள் அசையவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "என்ன ஆச்சு, ஏன் தள்ளல?" என்று கேட்டார். இயக்குநர் எழுந்து போய் முள்ளைப் பார்த்தார், பவதாரணியைப் பார்த்தார். அவள் நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அவர் கருவியின் பின்பக்கம் குனிந்து, ஒரு ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "கோளாறு சார். நட்சத்திரம் பத்து அம்பதோட முடியுது, இனிமே அடுத்த வருஷம்தான்" என்றார். வாழ்நாளில் அவர் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்கலாம். அவ்வளவு மோசமாகச் சொன்னார். நட்சத்திரத்தை நம்பி வந்தவர்கள் என்பதால் அதையும் நம்பினார்கள்.

ஆனால் மூன்று மணிக்கும் தள்ள முடியாது. சாயங்காலமும் முடியாது. தேர் நிலைக்கு எப்போது வரும் என்று கலியபெருமாளைக் கேட்டபோது, "அது தியாகராசர் இஷ்டம், விடிஞ்சும் போவலாம்" என்றார். கையில் கனம் இல்லாததால் சனிக்கிழமையும் அங்கே கூடம் காலி. ஞாயிற்றுக்கிழமை அம்மாக்கள். திங்கட்கிழமை மூன்று மணிக்குத்தான் அவர்கள் மறுபடி பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். கல்லைத் தூக்கி நிற்கிறவனுக்குக் கீழே போட இடம் காட்டினால்தான் ஆறுதல். அவளுக்குக் காட்டிய இடம் மூன்று நாள் தள்ளி இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க அவளே வைத்திருந்தாள். சனிக்கிழமை காலையில் எழுந்து பல் தேய்ப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றியபோது, தான் உட்கார ஆரம்பித்துவிட்டோம் என்று தெரிந்தது. மித்ரா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடுங்க்கா, கொஞ்ச நேரம் நான் வெச்சிருக்கறேன்."

"வேண்டாம் சாமி. இது ரொம்பக் கனம்."

"முழுசா யாரு கேட்டா? கொஞ்சூண்டு."

கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்பது எட்டு வருஷத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. தள்ளுவதற்கென்றே கற்றுக்கொண்டவர்கள், மொத்தமாகத்தான் கைமாற்றுவார்கள். அவள் ஓரத்தில் பிய்த்து ஒரு சோற்றுருண்டை அளவு கொடுத்தாள். மித்ராவின் முகம் சுண்டியது, ஆனால் சிரித்தாள். மத்தியானத்துக்குள் இன்னும் ஆறு பேர் வந்தார்கள். ஏன் தள்ளவில்லை என்று அவள் ஒருமுறைதான் சொன்னாள். இரண்டு பேர் கடைசிவரை வரவில்லை, அவர்களும் சம்யுக்தாவின் சிநேகிதிகள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பச்சைப்பயறுக் கடைசலும் களியும் கொண்டுவந்தாள். "ஏங்கண்ணு, மூஞ்சியெல்லாம் இப்புடி வாடிக் கெடக்குது? ஒடம்புக்கு முடியிலியா?"

"தூக்கம் பத்தலீங்மா."

"உங்கப்பனும் இதயேதான் சொல்றாரு. ரெண்டு பேருத்துக்கும் என்னதான் வண்டியோ." அம்மா உருண்டை பிடித்து வாயில் வைத்தாள். கனத்தைப் பிடித்தபடியே அவள் மென்றாள். ருசி தெரிந்தது. தெரிந்ததே என்று நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு எல்லோரிடமும் திரும்ப வாங்கிச் சேர்த்து, முதன்முதலாகத் தள்ளாமல், இறக்கி வைப்பது போல அனுப்பினாள். அனுப்பும் முன் ஒருமுறை சுற்றித் தட்டினாள். டொக், டொக். அந்தப் பக்கமும் இத்தனை நாள் இதைப் பல் என்றோ கொம்பு என்றோ நினைத்துப் பயந்திருக்கலாம். இதைத் தவிர அவர்களுக்குச் சொல்ல அவளிடம் வேறு வழி இல்லை. அவர்களுக்கு வியாழக்கிழமை வரவேண்டியது வரவில்லை. லீவெல்லாம் முடிந்து திங்கட்கிழமை சாவகாசமாக வந்தது. அங்கேயும் ஒரு பதிவேடு இருக்கும். அதைப் புரட்டுகிற ஒரே ஒரு பிள்ளை இருந்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை பத்து நாற்பதுக்குத் திரும்பி வந்தது, எப்போதும் போல. புதனும் வந்தது. அடுத்தடுத்த வாரங்களிலும் வந்தது. ஒன்றும் மாறவில்லை. ஆயில்யத்துக்கு விருது கொடுத்தார்கள்.

ஜூலை கடைசியில் பவதாரணிக்குக் கதவு மூட ஆரம்பித்தது. கனம் வருவது காதில் பஞ்சு வைத்தது போலத்தான் கேட்டது. தலைப்பிடி மித்ராவுக்குப் போனது, இருப்பதில் அவள் பிடிதான் கெட்டி. ஆடிப் பதினெட்டன்று மறுபடி மாவட்டத்துக்கு லீவு. போன வருஷத்துப் பாடத்தால் ஒருவரையும் வீட்டுக்கு விடவில்லை. இருபத்திரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பவதாரணி இரண்டாம் பாயில், மித்ராவின் சடையைப் பார்த்தபடி இருந்தாள். அந்தச் சின்ன முதுகு நிமிர்ந்திருந்தது. போன வருஷம் இதே இடத்தில் உட்கார்ந்திருந்திருக்கும் சம்யுக்தாவின் முதுகை அவள் நினைத்துக்கொண்டாள்.

பத்து நாற்பது. மித்ரா எதுவும் சொல்லவில்லை.

பத்து ஐம்பது. பதினொன்று.

"பாப்பா?" என்றாள் பவதாரணி.

"இல்லீங்க்கா" என்று மித்ரா திரும்பிப் பார்த்தாள். "வரல."

பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்துவிட்டு எழுந்தார்கள். இயக்குநர் பதிவேட்டில் 'இன்று வரவில்லை. காரணம்:' என்று எழுதி, பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு காரணத்தை எழுதாமல் மூடினார்.

கலியபெருமாள் பதினெட்டாம் பெருக்குக்கு எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் கிளறியிருந்தார். பவதாரணி ஒரு தட்டில் வாங்கிக்கொண்டு ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனாள்.

"சம்யு, இன்னிக்கு நமக்குத்தான்டி லீவு" என்றாள். "அங்க வேலை நாளு. இருந்தும் வரல. எவளோ ஒருத்தி மடியிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

சம்யுக்தா சுவரைப் பார்த்தபடி வாயைத் திறந்தாள். எலுமிச்சை சாதத்தை ஒரு வாய் ஊட்டிவிட்டு, அவள் மென்று முடிக்கும்வரை பவதாரணி காத்திருந்தாள்.